ஊருக்கு ஒரு பேர்

மூணாம் ராத்திரி நூத்தி மூணு.
ஸ்டான்லியில் எழுதிக் கொடுத்த சீட்டு தலகாணிக்கு அடியில்.
ஜீரோ கேட்டுக்குப் போகும் கண்டெய்னர் லாரி ஒவ்வொன்றுக்கும்
கட்டிலோடு சேர்ந்து நடுங்கினான் தேசிங்கு.
அப்போதுதான் அந்தப் பேரைச் சொன்னான்.

ஃபெப்ரே.

துணியைப் பிழிந்த கை பிழிந்தபடியே நின்றது.
பொம்பளைப் பேருதான், சந்தேகமே இல்லை.
கொஞ்ச நேரம் கழித்து ஃபியெப்ரே என்றான்,
நடுவில் ஒரு இழுப்பு, செல்லமாக.
விடிவதற்கு முன் ஃபியேவ்ர்,
கடைசி எழுத்தைத் தொண்டையிலேயே விழுங்கி,
எனக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல.

பதினோரு வருஷம் கப்பல்.
ஒன்பது மாசம் தண்ணீருக்கு, மூணு மாசம் எனக்கு.
ஜெனோவா, வலென்சியா, மார்செய் என்று
அவன் அனுப்பிய போட்டோவில் எல்லாம் கிரேன்தான் நிற்கும்.
கிரேனுக்குப் பின்னால் யார் நின்றாளோ.
ஒருத்திதான் ஊருக்கு ஒரு பேர் வைத்துக்கொண்டாளா,
இல்லை, அக்கா தங்கச்சிகளா?

நெற்றியில் துணியைக் கொஞ்சம் அழுத்தியே போட்டேன்.

அஞ்சாம் நாள் வியர்த்தது. கஞ்சி கேட்டான்.
கிண்ணத்தை நீட்டாமலே கேட்டேன்:
"யார்யா அந்த ஃபெப்ரே?"

சிரிக்கத் தெம்பில்லாமல் இருமினான்.

"கினி வளைகுடால கொசு கடிச்சி
ஒரே கேபின்ல ஆறு பேரு படுத்துக் கெடந்தோம்.
போசன் இத்தாலிக்காரன், அவன் ஃபெப்ரேன்னான், பல்லைக் கடிச்சி.
ஸ்பெயின்காரன் அதையே வளைச்சி ஃபியெப்ரேன்னான்.
மார்செய்காரன் வாய்ல 'ப' போயி 'வ' ஆயிடுச்சி.
குக்கு பிரேசில், அவனுது ஃபெப்ரி.
ருமேனியாக்காரன் கிட்ட ரெண்டு இருந்துச்சி:
டாக்டர் கிட்ட ஃபெப்ர, வூட்ல ஃப்ரிகூரி.
குளிருங்கன்னு அர்த்தமாம்.
ஒடம்பு அனலா கொதிக்குது, பேரு குளிரு!
நான் காய்ச்சல்னேன்.
அஞ்சு பேரும் திரும்பிப் பாத்தானுங்க,
நான் மட்டும் வேற வூட்டுப் புள்ள மாதிரி."

அவர்கள் சொல்லுக்கெல்லாம் தாய் ஒருத்தியாம், ஃபெப்ரிஸ்.
குருப்பட்டத்துக்குப் படித்துப் பாதியில் ஓடிவந்த
அந்த போசன்தான் சொன்னானாம்.
ரோமில் அவளுக்குக் கோயில் கூட இருந்ததாம்.
படுத்தவன் உடம்பில் கட்டிய தாயத்தை எல்லாம்
கொண்டுபோய் அவள் காலடியில் வைப்பார்களாம்.
அந்தப் பேருக்கு ஆதியில் அர்த்தம் சூடா, நடுக்கமா?
அதில் இன்னும் படித்தவர்களுக்குள் தகராறாம்.

கிண்ணத்தைக் கொடுத்தேன்.
அவன் மணிக்கட்டில் நான் கட்டிய கறுப்புக் கயிறு
வியர்வையில் ஊறி இறுகியிருந்தது.
அவிழ்க்க வரவில்லை. பல்லால் கடித்தேன்.

எங்கள் சொல்லுக்குத் தகராறு இல்லை.
காசிமேட்டில் வலை விரித்து நெத்திலி காய வைக்கிறேன்.
பால் காய்ச்சுகிறேன்.
நிலா காய்கிறது, கடன்காரன் காய்கிறான்,
மாசக் கடைசியில் வயிறு காய்கிறது.
இதையெல்லாம் செய்த அதே வினைதான்
என் வீட்டுக் கட்டிலிலும் ஏறிப் படுத்தது.
ஒன்பது மாசத்துக்கு நான் செய்வதும் அதுதான்;
அதற்கு யாரும் பாராசிட்டமால் எழுதித் தந்ததில்லை.

அதைச் சொல்லவில்லை அவனிடம்.
"சந்தேகப்பட்டியா?" என்றான்.
"உப்பு போதுமா?" என்றேன்.

தை பிறந்ததும் கப்பல் ஏறினான்.

ஆவணியில் எனக்கு வந்தது.
எத்தனை என்று தெரியாது,
தர்மாமீட்டர் எடுக்க எழுந்திருக்க முடியவில்லை.
துணியை நானே நனைத்து நானே போட்டுக்கொண்டேன்.
லாரி போனது, கட்டில் நடுங்கியது,
ஏதோ ஒரு பேரை விடிய விடியச் சொல்லியிருக்கிறேன்,
காலையில் தொண்டை கட்டியிருந்தது.

என்ன பேர் என்று கேட்க
வீட்டில் ஆள் இல்லை.